பழகிடும் சார்!

புது மோட்டார் சைக்கிள் வாங்கி ஒரு வாரம் ஓட்டிவிட்டு, 'கை வலிக்குதுங்க' என்று ஷோரூமில் போய்ச் சொல்லிப் பாருங்கள். அங்கே இருக்கிற தம்பி சிரித்துக்கொண்டே சொல்வார்: 'புது வண்டி இல்லையா... ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்!'

தோள்பட்டை இழுக்கிறது என்றாலும் இதே பதில்தான். இடுப்பு பிடிக்கிறது, சுண்டு விரல் மரத்துப் போகிறது என்றாலும் இதே பதில்தான். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். வருகிற வழியில் மருந்துக் கடையில் ஒரு தைலம் வாங்கிக்கொள்கிறோம். 'நமக்கும் வயசாகுதுல்ல' என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். முப்பத்திரண்டு வயதுக்காரர்கூட இப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதுதான் வேடிக்கை.

இந்தப் 'பழகிடும்' என்கிற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. உடம்பு எங்கே பழகுகிறது? வலியை வெளியே சொல்லாமல் இருக்கத்தான் நாம் பழகிக்கொள்கிறோம். நாலு போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை ஒரு விரற்கடை திருப்பி, மறுபடி முடுக்கினால் பல பேருக்குத் தீர்ந்து போகிற சங்கடம் இது. அதை ஆயுசுக்கும் சுமந்துகொண்டு திரியச் சொல்கிற சொல் அது.

'ஹேண்டில்பாருக்கெல்லாம் ஒரு கட்டுரையா?' என்று கேட்கிறவர்கள், ஒரு நாள் சிவகாசிப் பக்கம் வாருங்கள். வேலை விடுகிற நேரத்தில் நாரணாபுரம் ரோட்டில் ஓரமாக நின்று பாருங்கள். பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வண்டியில் வருவார்கள். எக்ஸெல்லில் முன்னால் பேப்பர் கட்டை வைத்து, அதற்குப் பின்னால் கையை நீட்டி நீட்டி ஓட்டுகிற பெரியவர் ஒருத்தர் வருவார். ஐந்தடி உயரத்தில், தனக்கு ரொம்பப் பெரிய வண்டியில், கிளட்ச் லிவரை விரல் நுனியால் எட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு தம்பி வருவார். ஆறடி ஆள் ஒருத்தர் சின்ன வண்டியில் முழங்கால் ஹேண்டிலில் இடிக்க, கூனிக்கொண்டு வருவார். எல்லோருடைய ஹேண்டிலும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும். ஆளுக்கு ஆள் உடம்பு மட்டும் வளைந்திருக்கும்.

அந்த ஊரில் கை என்பது சும்மா இல்லை, சாமி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பிய காலத்திலிருந்து, அந்த வட்டாரமே விரல்களை நம்பிப் பிழைக்கிறது. குழாய் உருட்ட, திரி வெட்ட, சரம் பின்ன, லேபிள் ஒட்ட, தாள் எண்ண, காலண்டர் கட்ட... எல்லாம் விரல். எத்தனை உருப்படியோ அத்தனைக்குத்தான் கூலி என்கிற வேலைகள் அங்கே நிறைய. மரத்துப் போன விரலுக்கு அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தால், அந்த அரை மணிக் கூலி போச்சு. மருந்து கையாள்கிற இடத்தில் விரல் உணர்ச்சி குறைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த விரல்கள் காலையிலும் சாயங்காலமும் எதைப் பிடித்துக்கொண்டு போகின்றன என்பது முக்கியமா இல்லையா?

நம் ஊரில் ஒரு சட்டை தைக்கப் போனால் தையல்காரர் என்ன செய்கிறார்? கழுத்து, தோள், கை நீளம், மார்பு என்று டேப்பை வைத்து அளக்கிறார். முன்னூறு ரூபாய்ச் செருப்பு வாங்கப் போனால்கூட 'போட்டு நடந்து பாருங்க அண்ணாச்சி' என்கிறார் கடைக்காரர். லட்ச ரூபாய் கொடுத்து வண்டி எடுக்கிறோம். ஆதார் கேட்கிறார்கள், பான் கார்டு கேட்கிறார்கள், நாமினி பெயர் கேட்கிறார்கள். 'உங்க உயரம் என்ன, கை எட்டுதா?' என்று கேட்ட ஷோரூமை எனக்குக் காட்டுங்கள், நானே வந்து மாலை போடுகிறேன். வண்டிக்கு மாலை போடுகிறார்கள், சாவி கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். எலுமிச்சம்பழத்துக்கு இருக்கிற மரியாதை ஓட்டப் போகிறவர் தோள்பட்டைக்கு இல்லை.

'எங்க அப்பா சைக்கிள்லயே முப்பது மைல் போவாரு, அவருக்கு வலிக்கலையா?' என்று ஒரு கட்சி கேட்கும். நல்ல கேள்வி. அந்தச் சைக்கிளைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். வாடகை சைக்கிள் கடையில் போய் நின்றால், கடைக்காரர் நம்மை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். ஸ்பேனரை எடுத்து சீட்டைத் தளர்த்தி இறக்குவார். ஹேண்டில் போல்ட்டைத் தளர்த்தி, மேலே ஒரு தட்டு தட்டி, சரி செய்து, 'ஏறி உக்காரு பார்ப்போம்' என்பார். கால் எட்டினால்தான் வண்டி வெளியே வரும். ஒரு மணி நேர வாடகைச் சைக்கிளுக்கு நடந்த மரியாதை அது. லட்ச ரூபாய் மோட்டார் சைக்கிளுக்கு அந்த மரியாதை எங்கே போச்சு? அப்பாவுக்கு வலிக்காததற்கு அவர் வைரம் பாய்ந்த உடம்பு ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் கடைக்காரரின் ஸ்பேனரும் ஒரு காரணம்.

'கம்பெனிக்காரன் என்ன முட்டாளா? சராசரி ஆளுக்குத் தகுந்த மாதிரிதானே டிசைன் பண்ணியிருப்பான்' என்பது அடுத்த கட்சி. இங்கேதான் விஷயமே இருக்கிறது. சராசரி ஆள் என்று ஒருத்தர் இருக்கிறாரா?

அமெரிக்க விமானப் படைக்கு இந்தச் சந்தேகம் 1950-ல் வந்தது. விமானிகள் அடிக்கடி விபத்தில் மாட்டினார்கள். அவர்கள் உட்காரும் இடம், 1926-ல் எடுத்த பழைய அளவுகளின் சராசரியை வைத்துக் கட்டியது. புதிதாக 4,063 விமானிகளை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்கிற இளம் ஆராய்ச்சியாளர் அந்தக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். உயரம், மார்பு, கை நீளம் மாதிரி பத்து அளவுகளிலும் சராசரிக்குப் பக்கத்தில் வருகிறவர் எத்தனை பேர்? விடை: பூஜ்யம். 4,063 பேரில் ஒருத்தர்கூட இல்லை! ஒருவருக்குக் கை நீளம், கால் குட்டை. இன்னொருவருக்கு மார்பு அகலம், கழுத்து குட்டை. சராசரி ஆளுக்குச் செய்த இருக்கை யாருக்குமே பொருந்தாத இருக்கை என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் முன்னே பின்னே நகர்த்தக்கூடிய இருக்கை, பெடல், வார் எல்லாம் வேண்டும் என்று படை கேட்டது.

நம்மிடம் அளவு இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியர்களின் உடல் அளவுகளைத் திரட்டி, அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன் 1997-லேயே புத்தகம் போட்டுவிட்டது. தேவ்குமார் சக்கரவர்த்தி தொகுத்தது. ஆக, ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு என்பது டிசைன் செய்கிறவர்களுக்குத் தெரியாத ரகசியம் கிடையாது.

ஹேண்டில் சமாசாரம் எவ்வளவு பெரியது என்று கம்பெனிகளுக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு 2018-ல் இரண்டு வண்டிகளை இறக்கியது. இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650. இரண்டுக்கும் ஒரே இன்ஜின், ஒரே சேஸிஸ். ஒன்றுக்கு அகலமான, உயரமான ஹேண்டில்பார். இன்னொன்றுக்குத் தாழ்ந்த ஹேண்டில், பின்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட். கூடவே டேங்க்கும் சீட்டும் வேறு. ஓட்டிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், ஒன்று நிமிர்ந்து உட்காருகிற வண்டி, மற்றது குனிந்து படுக்கிற வண்டி என்பார்கள். யமஹாவும் இதே வேலையை ஆர்15, எம்டி-15 என்று செய்கிறது. உட்காரும் விதத்தை மாற்றினால் இன்னொரு வண்டியாகவே விற்கலாம் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த வித்தியாசம் நம் முதுகுக்கும் உண்டு என்று தெரியாதா என்ன?

குனிந்து ஓட்டுகிற தம்பிகளிடம் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். தாழ்ந்த ஹேண்டில் பந்தயத்துக்காகப் பிறந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் லண்டனில் ஏஸ் கஃபே மாதிரி டீக்கடைகளில் கூடிய இளைஞர்கள், பந்தய வண்டியைப் பார்த்துத் தங்கள் வண்டி ஹேண்டிலையும் இறக்கினார்கள். மணிக்கு நூறு மைல் தொட வேண்டும் என்பது அவர்களுடைய வெறி. அந்த வேகத்தில் எதிர்க்காற்று வந்து மார்பைத் தாங்கும். உடம்பின் பாரம் கைக்கு வராது. நீங்கள் போவது திருத்தங்கல் ரோட்டில், வேகத்தடைக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தில் எந்தக் காற்று வந்து உங்களைத் தாங்கப் போகிறது? மேல் உடம்பின் பாரம் பெரும்பகுதி இரண்டு உள்ளங்கையில்தான் இறங்கும்.

இதற்கு நேர் எதிரான பைத்தியமும் உண்டு. 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் பார்த்த மாதிரி, கையை வானத்துக்குத் தூக்கிப் பிடிக்கிற ஹேண்டில். அமெரிக்காவிலேயே பல மாநிலங்கள், ஹேண்டில் இவ்வளவு உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கின்றன. கை தோளுக்கு மேலே தூக்கியபடி இருந்தால் ரத்தம் இறங்கி மரத்துப் போகும், தோள் எரியும். அழகுக்காகத் தாழ்த்துவதும் அழகுக்காக உயர்த்துவதும் ஒரே தப்புதான். இரண்டிலும் ஓட்டுகிறவர் உடம்பை யாரும் கேட்கவில்லை.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரலுக்குப் போகிற நரம்பு அதன் வழியாகப் போகிறது. மணிக்கட்டு மேலேயோ கீழேயோ மடங்கியபடியே இருந்தால் அது நசுங்கும். அந்த மூன்று விரலும் மரக்கும். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் போகிற நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரமாகப் போகிறது. ஹேண்டில் மேல் சாய்ந்து அந்த இடத்தை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த இரண்டு விரல் மரக்கும். எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள், எங்கே தப்பு என்று பாதி தெரிந்துவிடும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் விரல் மரக்கும், கழுத்து எலும்புக் கோளாறிலும் மரக்கும். அதனால் டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். பார்க்கும்போது 'தினமும் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டுறேன்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது அந்த நாலு போல்ட் கதைக்கு வருவோம். குழாய் மாதிரி ஒரே ஹேண்டில்பார் உள்ள வண்டியில், நடுவில் அதைப் பிடித்திருக்கிற கிளாம்ப் இருக்கும். அந்த போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஹேண்டில்பார் முன்னும் பின்னும் சுழலும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை இயல்பாக நீட்டுங்கள். கை எங்கே போய் நிற்கிறதோ, அதற்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஹேண்டில் வர வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கணும். தோள் காதைத் தொடப் போகிற மாதிரி தூக்கியிருக்கக் கூடாது. பாரம் சீட்டில் இருக்கணும், உள்ளங்கையில் இருக்கக் கூடாது.

அடுத்தது கிளட்ச் லிவர், பிரேக் லிவர். பலரும் மறந்து போகிற இடம் இதுதான். லிவரின் மேல் விரலை வைத்தால், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோடாக இருக்கணும். மணிக்கட்டு மேலே மடங்கினால் லிவர் ரொம்ப உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதன் பிடியைத் தளர்த்திச் சற்றே கீழே இறக்கினால் போதும். பல பேருக்கு ஹேண்டிலைத் தொடவே வேண்டாம், இதிலேயே பாதி வலி போய்விடும்.

எல்லாம் முடிந்த பிறகு மூன்று விஷயம் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஒன்று, ஹேண்டிலை இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்பிப் பாருங்கள். கேபிளோ பிரேக் ஓஸோ இழுபடக் கூடாது. இன்ஜின் ஓடும்போது திருப்பினால் சத்தம் தானாக ஏறினால், ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது, ஆபத்து. இரண்டு, ஹேண்டிலோ கையோ டேங்கில் இடிக்கக் கூடாது. மூன்று, போல்ட் இறுக்கம். கம்பெனி சொன்ன அளவுக்கு, சொன்ன வரிசையில் முடுக்க வேண்டும். ஹேண்டில் லூஸாக இருக்கிற வண்டி எமன் வாகனம். அதனால்தான் சொல்கிறேன், வீட்டு வாசலில் நீங்களே செய்வதைவிட மெக்கானிக்கிடம் செய்யுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

'போலீஸ் பிடிப்பாங்களே' என்கிற பயம் வேறு. இதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது. அதே வருடம் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாமல் பாகங்களை மாற்றிப் பொருத்தினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விழலாம். கடையில் விற்கிற வேறு ஹேண்டிலை வாங்கி மாட்டினால் வம்பு வரலாம் என்பது உண்மை. கம்பெனி கொடுத்த ஹேண்டிலை, கம்பெனி கொடுத்த கிளாம்ப்புக்குள், இடம் இருக்கிற அளவுக்குத் திருப்பிக்கொள்வது வேறு. ஆர்.சி.யில் எழுதியிருக்கிற ஒரு எழுத்துகூட அதனால் மாறாது. கார் சீட்டை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்கிறவரை யாராவது பிடிக்கிறார்களா?

கடைசியாக, பெண்களின் வண்டி. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் ஹேண்டில் பிளாஸ்டிக் மூடிக்குள் போய்விட்டது. திருப்பவும் முடியாது, உயர்த்தவும் முடியாது. பிரேக் லிவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான். சின்னக் கை உள்ளவர்கள் பிடியை விட்டு விரலை நீட்டித்தான் பிரேக்கைத் தொட வேண்டும். அவசரத்துக்குப் பிரேக் பிடிக்கிற நேரத்தில் பிடி நழுவினால் யார் பொறுப்பு? விலை கூடிய மோட்டார் சைக்கிள்களில் லிவர் தூரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு வைக்கிறார்கள். அந்தத் திருகு ஸ்கூட்டருக்கு வந்தால் என்ன குடி முழுகிப் போகும்?

2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகிற பெண்களுக்காக அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கினார்கள். விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் வரை மானியம், இன்ஜின் 125 சிசிக்குள் என்று கணக்குப் போட்டார்கள். நல்ல காரியம். அரசாங்கப் பணம் கொடுத்து அத்தனை பேருக்கு வண்டி வாங்கும்போது, 'லிவர் கைக்கு எட்டுகிற மாதிரி செய்து கொடு' என்று கம்பெனிகளிடம் ஒரு வரி கேட்டிருக்கலாமே! அத்தனை வண்டி விற்கிற வியாபாரத்தில், அந்த ஒரு வரியைக் கம்பெனிகள் தட்டியிருக்குமா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஷோரூம்காரர்களே, வண்டி டெலிவரி கொடுக்கும்போது பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாங்கியவரை ஏற்றி உட்கார வைத்து, ஹேண்டிலையும் லிவரையும் அவர் கைக்குச் சரி செய்து கொடுங்கள். கம்பெனிக்காரர்களே, லிவர் திருகை எல்லா வண்டிக்கும் வையுங்கள். மெக்கானிக் அண்ணன்களே, சர்வீசுக்கு வருகிறவரிடம் மைலேஜ் எவ்வளவு என்று கேட்கிற மாதிரி, கை வலிக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வண்டி வாங்கப் போகிறவர்களே, 'பழகிடும் சார்' என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால், நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்:

'நான் பழகுறது இருக்கட்டும் தம்பி. முதல்ல ஸ்பேனரை எடு.'